பொதுச்சுவர்

மூன்றாவது கொத்தனார் சொன்ன தொகை, முதல் இரண்டு பேர் சொன்னதில் சரிபாதியாக இருந்தது. கொஞ்சம் குறைவு என்றால் தொழில் போட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரேயடியாகக் குறைவு என்றால் ஏமாற்று வேலை என்று வாசலோடு அனுப்பிவிடலாம். இது கத்தி வைத்து அறுத்த மாதிரி பாதி.  அதைக் கேட்டதும் மனதில் எழுந்ததை அவன் அப்போது சந்தோஷம் என்றுதான் நினைத்தான்.

அலுவலகத்தில் அவனுக்குக் கால்குலேட்டர் என்று பெயர். நாலு பேர் சேர்ந்து காபி குடித்தால் யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பதுவரை பிரித்துச் சொல்லிவிடுவான் என்று கிண்டல் செய்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவன் மனைவி உண்மை என்பாள்.

பழைய நகரத்தின் உள்தெருவில் அவன் வீடு வாங்கியதும் அந்தக் கணக்கில்தான். அங்கே வீடுகள் கூட்டமான பேருந்தில் நிற்பவர்களைப் போல ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே சந்து கிடையாது, சுவர் ஒன்றுதான். முன்பக்கத்து மரவேலைப்பாடும் வளைவுகளும் பார்க்கிறவர்கள் நின்று படம் எடுக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவு அழகான வீடு ஏன் மலிவாகக் கிடைத்தது என்பது முதல் மழையில் தெரிந்துபோயிற்று. பின்னறையின் வலப்பக்கச் சுவரில் ஓதம் ஏறியது. தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை பழுப்பாகப் படர்ந்து, பூச்சு உப்பி, தொட்டால் உதிர்ந்தது. அது பாப்பாவின் அறை. பாப்பாவுக்கு இழுப்பு உண்டு.

மழைக்காலம் முழுவதும் அவள் அந்தச் சுவரோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து வாங்கினாள். மெல்லிய விசில் மாதிரி ஏறி, மேலே போய் ஒரு கணம் நின்று, பிறகு சின்ன விக்கலோடு இறங்குகிற சத்தம். அவன் அதைக் கேட்டுக்கொண்டே விழித்திருப்பான். அந்த ஒரு கண நிறுத்தம்தான் அவன் உயிரை எடுக்கும். அடுத்த மூச்சு வருகிறவரை அவனும் மூச்சு விடமாட்டான். வேறு எந்தக் குழந்தையின் மூச்சோடும் அதை அவன் குழப்பிக்கொள்ள முடியாது. டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஒன்று சுவரைச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் பிள்ளையை வேறு இடத்தில் வையுங்கள். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள்.

"சுவர் காயுற வரைக்கும் நாங்க வர மாட்டோம்," என்றாள் வாசலில் நின்று. "எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, நல்ல ஆளா பாத்து விடுங்க. என்னங்க, காதுல விழுதா? இதுல போய் உங்க கணக்கைக் காட்டாதீங்க."

காட்டக் கூடாது என்றுதான் அவனும் நினைத்தான்.

முதல் கொத்தனார் வந்து, சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பிரசங்கமே செய்தார். இந்தச் சுவருக்கு சிமென்ட் ஆகாது, சுண்ணாம்புதான் பூச வேண்டும். சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். மணலைச் சலிக்க வேண்டும். தெருவுக்குள் வண்டி வராது, முனையிலிருந்து எல்லாவற்றையும் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. சொன்ன தொகை அவனுடைய மூன்று மாதச் சம்பளம். இரண்டாவது ஆள் அதே கதையை இன்னும் கொஞ்சம் அலுப்போடு சொன்னார், அதே தொகையைச் சொன்னார், சாப்பாடு தனி என்றார். பொருளுக்கு ஒன்றும் பெரிய விலை இல்லை, காத்திருப்பதற்குத்தான் விலை என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்தாலும் கை வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று இருவரையும் அனுப்பிவைத்தான்.

மூன்றாவது ஆளை அவன் கூப்பிடவே இல்லை. கதவைத் தட்டி, "சுவர் வேலை இருக்காமே?" என்று வந்து நின்றார். புருவத்தில்கூடச் சுண்ணாம்பு ஒட்டிய ஒல்லியான மனிதர், சிரித்த முகம். இரண்டாவது ஆள் சொல்லி அனுப்பியிருப்பார் என்று நினைத்து அவன் உள்ளே விட்டான். அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஓதம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க, கட்டிலுக்குப் பக்கத்தில் உளியை வைத்து ஒரு செங்கல்லை மட்டும் நோகாமல் உருவி எடுத்தார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அவன் சமையலறைக்குப் போய்ச் செம்பை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது, அவர் செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஓட்டைக்கு எதிரே குந்தியிருந்தார். தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார், யாரோ சொல்வதற்கு ஆமாம் போடுகிற மாதிரி. அவனைப் பார்த்ததும் எழுந்து தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தொகையைச் சொன்னார்.

"பாதிதான் வருது?" என்றான் அவன்.

"பொதுச்சுவர்தானே சார். பாதி உங்க செலவு, பாதி அவங்க செலவு. முழுசையும் உங்க தலையில கட்டினா நியாயமா?"

"அவங்கன்னா?"

"பக்கத்து வீடு."

"அவங்க வெளியூர்ல இருக்காங்கன்னு வீட்டை வித்தவங்க சொன்னாங்களே."

"அதெல்லாம் பேசியாச்சு சார். அவங்க பங்கும் வந்தாச்சு."

எப்போது பேசினீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்குக் காசா பணமா? ஆனால் கேட்டால் அந்தப் பாதி ஏதோ ஒரு தவறாக இருந்து, கைக்கு எட்டியது நழுவிவிடுமோ என்று இருந்தது. நாக்கு நுனிவரை வந்த கேள்வியை அவன் விழுங்கிவிட்டான்.

"பாதிப் பாதி. உங்களுக்குச் சம்மதமா?" என்றார் கொத்தனார்.

"சம்மதம்."

"இப்படி வாய்க்குள்ள முணுமுணுத்தா எப்படி சார்? பொதுச்சுவர்னா ரெண்டு பக்கமும் கேக்குற மாதிரி சொல்லணும். எங்க வேலையில அதுதான் பத்திரம், கையெழுத்து எல்லாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதி விலைக்குக் குட்டிக்கரணம் போடச் சொன்னாலும் போடலாம் என்று குனிந்து, அந்த ஓட்டைக்குள் வாயை வைத்து, "சம்மதம்!" என்று கத்தினான். சத்தம் உள்ளே போனது. எதிரொலிக்கவில்லை. கிணற்றில் போட்ட கல் தண்ணீரில் விழுகிற சத்தமே கேட்காவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கொஞ்சம் கழித்து அந்த ஓட்டையிலிருந்து ஒரு காற்று வந்து அவன் உதட்டில் பட்டது. வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது.

மறுநாளே வேலை ஆரம்பித்தது. சித்தாள் யாரும் வரவில்லை. தனியாகவா செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் ஆள் இருக்கே சார்," என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் பழைய பூச்சைக் கொத்த ஆரம்பித்தார். பாப்பா தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்க் கறை படிந்திருந்த இடம் ஒரே துண்டாகப் பெயர்ந்து விழுந்து நொறுங்கியது. அவனுக்கு அதைப் பார்க்க ஏனோ சங்கடமாக இருந்தது.

உளிச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு உளிச் சத்தம் இருப்பதை அவன் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இவர் ஒரு கொத்துக் கொத்தினால் சுவருக்கு அப்பால், கொஞ்சம் மந்தமாக, அதே இடத்தில் ஒரு கொத்து. இவர் கை நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. ஒரு வேலை இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நடப்பது நல்லதுதானே என்று தோன்றியது. அவர்கள் பங்கு போட்டிருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இதில் என்ன இருக்கிறது?

மதியம் கொத்தனார் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அப்பால் சத்தம் நிற்கவில்லை. டொக். டொக். டொக். அவசரமும் இல்லை, ஓய்வும் இல்லை.

"சாப்பிடக்கூட மாட்டாங்களா அவங்க?" என்றான் அவன்.

"அவசரக்காரங்க சார்," என்றார் கொத்தனார் வாய் நிறையச் சோற்றோடு. "பாப்பா வர்றதுக்குள்ள முடிச்சாகணுமாம்."

அவன் தலையாட்டினான். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகிற வழியில்தான் அது உறைத்தது. பாப்பாவைப் பற்றி நாம் இவரிடம் எப்போது சொன்னோம்? சின்னக் கட்டில் கிடக்கிறது, ஓரத்தில் சின்னச் செருப்பு கிடக்கிறது, பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். சரி. ஆனால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? இவர்தான் சொல்லியிருப்பார், வேறு யார்? அப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு பதில் வைத்துக்கொண்டான்.

சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும் என்றார்களே, இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது முதல் பூச்சு முடிந்திருந்தது. மறுநாள் காலையில் பார்த்தபோதே அது எலும்பாகக் காய்ந்திருந்தது. வாசனை மட்டும் விசித்திரமாக இருந்தது. புதுச் சுண்ணாம்பின் காரல் மேலாக இருந்தது, அதற்கு அடியில், தூங்கி எழுந்த அறையில் இருக்குமே, மூடிய ஜன்னலும் கசங்கிய போர்வையும் கலந்த வாடை, அது இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தான். போகவில்லை.

வண்ணத்தை மனைவி தொலைபேசியில் சொன்னாள். பிஞ்சுக் கொய்யா மாதிரி ஒரு பச்சை, கண்ணுக்கு உறுத்தாமல். அதையும் கொத்தனாரே அடித்துக் கொடுத்தார். கூலியை வாங்கிக்கொண்டு, எண்ணிக்கூடப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டு, சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். சுவரைப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரம் துளிகூட இல்லை. ஆனால் குளிர்ச்சியாகவும் இல்லை.

அன்று மாலை மனைவியிடம் பேசினான்.

"எவ்வளவு ஆச்சு?" என்றாள் முதல் கேள்வியாக.

"அந்த முதல் ஆள் சொன்னாரே, அவ்வளவுதான்."

"அப்பாடா. ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்டீங்களே. நாளைக்குச் சாயங்காலம் வந்துடுறோம். பாப்பா இப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கிறா."

அவன் வாழ்க்கையில் செலவைக் குறைத்துச் சொல்லியிருக்கிறான், கூட்டிச் சொன்னது அதுதான் முதல் முறை. நல்ல ஆள் வைத்தேன் என்று அவள் நம்பட்டும் என்று இருந்தது. போனை வைத்துவிட்டு, வேலைக்காக நடு அறையில் போட்டிருந்த பாப்பாவின் கட்டிலைப் பின்னறைக்குள் இழுத்தான். கட்டில் கால்கள் தரையில் தேய்ந்து கிறீச்சிட்டன. அவன் நிறுத்தினான். சுவருக்கு அப்பால் ஏதோ கிறீச்சிட்டு நின்றது.

மறுபடி இழுத்தான். அங்கேயும் இழுபட்டது. கட்டில் சுவரில் மெத்தென்று இடித்து நின்றபோது, சுவரின் அந்தப் பக்கத்திலும் அதே இடத்தில் மெத்தென்று ஒரு இடி.

எதிரொலி. பழைய வீடு, காலி அறை. அவன் சுத்தியலை எடுத்து, பாப்பாவின் படத்தை மாட்ட ஒரு ஆணியை வைத்து அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பால் ஒன்று, இரண்டு, மூன்று.

பிறகு, அவன் கை கீழே இறங்கிய பிறகு, இன்னொன்று.

"ஹலோ," என்றான் அவன் சுவரைப் பார்த்து. தன் குரல் தனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.  யாரோ பதில் சொல்லாமல் நிற்கிற மாதிரியான அமைதிதான் இருந்தது.  வெளியூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள் போல, அவர்களும் சாமான்களை அடுக்குகிறார்கள், ஒரு குழந்தை இருந்தால் பாப்பாவுக்குத் துணை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, விளக்கை எரியவிட்டபடியே கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தான்.

அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்பித் தெருவுக்குள் நுழைந்தவனுக்குப் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்ததும் மனம் லேசாயிற்று. கதவு திறந்திருந்தது. ஏணி போட்டு இரண்டு பேர் முன்பக்கத்து மரச்சட்டங்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு பெரிய உடம்புக்காரர், அவர்களுடைய தலைவர் போலிருக்கிறது, வாளியில் வண்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரங்க வந்துட்டாங்களா?" என்றான் அவன்.

பெயின்டர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த வீட்டுக்காரங்க?"

"இந்த வீட்டுக்காரங்கதான். நான் பக்கத்து வீடு. உள்ள போய் ஒரு வார்த்தை பேசிட்டு வரலாம்னு..."

பெயின்டர் ஏணியில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். "சார் ஊருக்குப் புதுசா? இது வீடு இல்ல சார், வீட்டோட மூஞ்சி. பின்னாடி எல்லாம் எப்பவோ இடிஞ்சு போச்சு. பழைய தெருவாச்சே, முன்பக்கத்தைத் தொடக் கூடாதுன்னு சட்டம். வருஷா வருஷம் வந்து பவுடர் போட்டுட்டுப் போவோம். எங்களுக்குக் கணக்கு இந்த முன்பக்கம் மட்டும்தான். வேணும்னா எட்டிப் பாருங்க."

அவன் எட்டிப் பார்த்தான். நிலைப்படிக்கு அப்பால் வானம் இருந்தது.

அறை இல்லை, கூரை இல்லை. இடுப்பளவு புல்லும் செடிகளும் மண்டிக் கிடந்த வெறும் மனை. அந்தி வெயில் புல் நுனிகளில் மட்டும் பட்டுக்கொண்டிருந்தது. அவன் கால்கள் தாமாகவே உள்ளே போயின. வலப்பக்கமோ இடப்பக்கமோ என்று ஒரு கணம் குழம்பி, பிறகு தன் வீட்டின் சுவர் எது என்று கண்டுகொண்டான். பாசியும் கறுப்பும் படிந்த நீண்ட பழஞ்சுவர். செங்கல் பிதுங்கி, செடி முளைத்து, எத்தனையோ மழையில் நனைந்த சுவர். அதன் கடைசியில், பின்பக்கத்தில், பச்சையாக ஏதோ தெரிந்தது.

புல்லை விலக்கிக்கொண்டு நடந்தான். யாரும் நடந்த தடமே இல்லை என்பதைக் கவனித்தான். சாரம் கட்டிய குழி இல்லை. சிந்திய சுண்ணாம்பு இல்லை. ஒடிந்த தண்டு ஒன்றுகூட இல்லை. புல் சுவரின் அடிவரை நிமிர்ந்து நின்றது.

பிஞ்சுக் கொய்யாப் பச்சை.

ஓர் அறையின் அகலத்துக்கு, ஓர் அறையின் உயரத்துக்கு, கோடு போட்டு நறுக்கின மாதிரி. கன்னம் மாதிரி வழவழவென்று. திறந்த வெளியில், வானத்துக்குக் கீழே, ஓர் அறையின் உட்சுவர். கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஓர் ஆணி. கீழே, கட்டிலின் உயரத்தில், புது வண்ணத்தின் மேல் ஒரு வட்டமான கறை. அவன் குனிந்தான். தொட்டான். விரலில் பிசுபிசுத்தது.

எண்ணெய். தலை சாய்த்த எண்ணெய்க் கறை. சின்னத் தலை.

அவன் போனை எடுத்தான். மனைவி அழைத்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. பார்க்கவில்லை அவன். கொத்தனாரைத்தான் அழைத்தான்.

"சொல்லுங்க சார்," என்றது அதே சிரித்த குரல். "சுவர் எப்படி இருக்கு?"

"அந்தப் பாதி... அந்தப் பாதியை யார் குடுத்தா?"

"அவங்கதான் சார். நீங்க தண்ணி எடுக்கப் போனீங்களே, அப்ப. செங்கல்ல எடுத்ததும் அந்தப் பக்கத்திலருந்து கையை நீட்டிக் குடுத்தாங்க."

"யாரு? முகத்தைப் பாத்தீங்களா?"

"ஓட்டையில முகம் எங்க சார் தெரியும்? பொதுச்சுவர் வேலையில நாங்க யாரு எவருன்னு கேக்குறதில்ல. பங்கு வந்தா சரி. பாவம், ரொம்ப மரியாதையா கேட்டாங்க. பாதி நாங்க போட்டா சுவரோரம் இருக்குறதுல பாதி எங்களுக்குத்தானேன்னாங்க. நான் எப்படி சொல்றது, அவரு வரட்டும், அவரு வாயாலயே கேட்டுக்குங்கன்னேன். நீங்கதான் சார் வந்து சத்தமா சொன்னீங்க."

அவன் ஓடினான். புல் காலைச் சுற்றியது. விழுந்து எழுந்து, வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டு, வண்ண வாளியைத் தட்டிவிட்டு, பெயின்டரின் வசவு பின்னால் துரத்த, தன் வீட்டு வாசலுக்கு வந்தான். பூட்டு தொங்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. வாசலோரம் மனைவியின் செருப்பு. பக்கத்தில் சின்னச் செருப்பு.

"எத்தனை தடவை கூப்பிடுறது உங்களை?" மனைவி நடு அறைக்கு வந்து, உதட்டில் விரலை வைத்துக் குரலைத் தாழ்த்தினாள். "முந்தின பஸ்ஸே கிடைச்சிடுச்சு. வந்ததும் புது ரூமைப் பாத்து ஒரே குதி. கட்டில்ல ஏறி, சுவர்ல சாஞ்சுக்கிட்டா, அப்படியே தூங்கிட்டா."

"எப்போ? எவ்வளவு நேரமா?"

"இப்பத்தான். ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க? வந்து பாருங்களேன் முதல்ல."

அவள் அவன் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் பார்த்துப் பல மாதம் ஆயிற்று. பாப்பா சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெற்றி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கேளுங்க," என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது அவளுக்கு. "ஏதாவது கேக்குதா? இழுப்பே இல்ல பாருங்க. சத்தமே இல்ல."

சத்தமே இல்லை.

அவன் குனிந்தான். பாப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்தான். காத்திருந்தான். விரலில் எதுவும் படவில்லை. மார்பைப் பார்த்தான். சட்டையின் பூ ஒன்று அசையாமல் இருந்தது. இன்னும் காத்திருந்தான். அவன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்த அத்தனை ராத்திரியும் சேர்ந்து அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

பாப்பா கண்ணைத் திறந்தாள். "அப்பா," என்றாள் தெளிவாக. சிரித்தாள்.

அப்போதுதான் கேட்டது. மெல்லிய விசில். ஏறியது. மேலே போய் ஒரு கணம் நின்றது. சின்ன விக்கலோடு இறங்கியது.

கட்டிலில் இருந்து அல்ல.

அவன் சுவரில் காதை வைத்தான். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே, ஆழத்தில், மூச்சு ஏறியது. நின்றது. இறங்கியது. அவன் பிள்ளையின் மூச்சு. அவனுக்குத் தெரியாதா? உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்?

சுத்தியல் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. எடுத்தான். அடித்தான்.

"ஐயோ, என்ன பண்றீங்க!" மனைவி அலறினாள். "புதுச் சுவரை... பைத்தியமா பிடிச்சிருக்கு? தூசி பறக்குது, புள்ளைக்கு ஆகாது, நிறுத்துங்க!"

அவன் நிறுத்தவில்லை. பச்சைப் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. செங்கல் தெரிந்தது. அடித்தான். பெயர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு செங்கல். அதற்குப் பின்னால் இன்னொன்று. கை முட்டிவரை உள்ளே போயிற்று, தோள்வரை போயிற்று. அப்பால் புல்லும் வானமும் இருந்தாக வேண்டும். இல்லை. செங்கல்தான். பெயர்க்கப் பெயர்க்க அந்த மூச்சு உள்ளே உள்ளே தள்ளிப் போனது. "பாப்பா!" என்று ஓட்டைக்குள் கத்தினான். "அப்பா வந்துட்டேன்மா!"

அறை வெள்ளையாகிவிட்டது. சுண்ணாம்புத் தூசி தொண்டையை அடைத்தது. அவன் இருமினான். மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். சுவருக்குள், வெகு தூரத்தில், ஒரு சின்னக் குரல் இருமியது. மூச்சு கிடைக்காமல் இருமியது. "அப்பா," என்றது.

மனைவிக்கும் கேட்டுவிட்டது. பிள்ளையைத் தூசியிலிருந்து மூடித் தூக்கப் போனவள், நீட்டிய கையோடு அப்படியே நின்றாள்.

பாப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இருமவில்லை. தூசி அவள் தலையில் இறங்கியது. உதட்டில் இறங்கியது. திறந்த கண்களின் மேல் இறங்கி, கருவிழியை மூடி, வெள்ளையாகப் படிந்துகொண்டே இருந்தது. அவள் இமைக்கவில்லை. அந்தக் கண்களோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அம்மா தூக்குவாள் என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.